மஞ்சள் சரிவு

செப்டம்பர் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் நலம். உன் இருமல் எப்படி இருக்கிறது? உன் மாமாவின் காரியத்துக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாய். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்கக்கூட அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.

நீ அனுப்பிய டேப், அந்தப் பலகை மாதிரிப் பெரிய போன், ஜீப்பில் வந்து சேர்ந்தது. ரேஞ்சர் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, உங்க தம்பி ஆபீசுல காட்டுல பூச்சி விழுந்த மரத்தைக் கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம் செய்யறாங்களாம். அதுக்குப் பாடம் சொல்லித்தரப்போறது நீங்கதான்" என்றார். நான் அஞ்சாம் வகுப்பையே தாண்டாதவள். என்னிடம் படிக்க வந்திருக்கிறதே, அதன் தலையெழுத்து. நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை மதியத்தோடு முடிந்துவிடுகிறது. பிறகு வீட்டுக்குப் போய் என்ன செய்ய? அதனால் சரி என்றேன்.

கூட மீசைக்காரர் வருகிறார். மாமாவோடு ரோந்து போவாரே, அந்த ஃபாரஸ்ட் கார்டுதான். டேப்பில் மூன்று பொத்தான் இருக்கிறது, படித்துக்கொண்டேன். பச்சை என்றால் நல்ல மரம். மஞ்சள் என்றால் வண்டு ஏறியிருக்கிறது, ஆனால் பிழைக்கலாம். கறுப்பில் 'பிழைக்காது' என்று போட்டிருக்கிறாய். அது வெட்ட வேண்டிய மரமாம்.

அந்தக் கறுப்புப் பொத்தானில் வேறு ஏதாவது வார்த்தை போட முடியுமா? முடியாவிட்டால் பரவாயில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் போய்விட்டது. நீயும் நலம் என்று தெரிந்து நிம்மதி.

முதல் மெமரி கார்டு வந்தது. நன்றாக எடுத்திருக்கிறாய். ஒரு விஷயம் மட்டும் சேர்த்துக்கொள். அடிமரத்தை எடுக்கும்போது உன் கையைப் பட்டை மேல் விரித்து வைத்து எடு. மரம் எவ்வளவு பருமன், பிசின் கட்டி எவ்வளவு பெரிது என்று ப்ரோக்ராம் அதை வைத்துத்தான் அளக்கும். எல்லாப் படத்திலும் ஒரே கை இருக்க வேண்டும். மீசைக்காரர் கையை வைத்துவிடாதே.

கம்ப்யூட்டருக்குத் தானாக ஒன்றும் தெரியாது, அக்கா. நீ எந்த மரத்தைப் பார்த்து எந்தப் பொத்தானை அமுக்குகிறாயோ, அதைத்தான் கற்றுக்கொள்ளும். பொத்தானில் என்ன வார்த்தை இருக்கிறது என்பது ஒரு பொருட்டே இல்லை. உள்ளே அது வெறும் எண்தான்.

பிப்ரவரியில் உங்கள் மேல்சரிவில் வைத்தே சோதனை. வெயில் ஏறினால் வண்டு பறந்து அடுத்த மரத்துக்குப் போய்விடும். அதற்குள் எதை வெட்டுவது என்று எங்கள் ப்ரோக்ராம் சரியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எங்கள் மூன்று பேர் குழுவைக் கலைத்துவிடுவார்கள். நான் மறுபடி புகார் போன் எடுக்கும் மேஜைக்குப் போக வேண்டியதுதான். உன்னைத்தான் நம்பியிருக்கிறேன்.

செக்போஸ்ட் பக்கம் போனால் சிக்னல் கிடைக்குமே, ஒரு நாள் போன் பண்ணேன். பேசி மாதக்கணக்காகிறது.

தம்பி


அக்டோபர் 18

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். இருமல் போனதில் சந்தோஷம். பனி தொடங்கிவிட்டது, மதியமே ஸ்வெட்டர் போட வேண்டியிருக்கிறது.

நீ சொன்னபடி கை வைத்து எடுக்கிறேன். சில மரம் காய்ந்து கிடக்கிறது. சில மரம் கையை விடமாட்டேன் என்று ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால்தான் பிசின் போகிறது. வண்டைப் பார்த்தேன். அரிசியில் விழுமே, அந்தப் பூச்சி அளவுதான் இருக்கிறது. இத்தனை பெரிய மரத்தை இதுவா சாய்க்கும் என்று கேட்டேன். "இது ஒண்ணு வந்தா ஊரையே கூப்பிட்டுடும்மா" என்றார் மீசைக்காரர். மரமும் சும்மா இருப்பதில்லை. வண்டு துளைத்த இடத்தில் பிசினைத் தள்ளித் தள்ளி அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. நான் பார்த்துவிட்டு, "பாவம், அழுவுது" என்றேன். "அழுகை இல்லைம்மா, சண்டை" என்றார்.

அவர் நல்ல மனிதர்தான், அவசரம் மட்டும் அதிகம். நேற்று ஒரு மரம். "இது முழுக்கச் செம்பட்டையாப் போச்சு. கறுப்பை அமுக்குங்க, அடுத்ததுக்குப் போலாம்" என்றார்.

"நுனியில கொஞ்சம் பச்சை இருக்கே."

"எங்க?"

"அதோ."

கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் மஞ்சளை அமுக்கினேன்.

செக்போஸ்டில் இப்போது சிக்னல் சரியாக இல்லை என்கிறார்கள். கடிதமே போதும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா


நவம்பர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை கழுத்து வரை இருக்கிறது. அதனால்தான் பதில் தாமதம்.

ஒரு வேடிக்கை. மீசைக்காரர் முகம் குறுக்கே வந்த படம் ஒன்று இருந்தது. அதைப் ப்ரோக்ராமிடம் கொடுத்துப் பார்த்தோம். 'வண்டு ஏறியிருக்கிறது, பிழைக்கலாம்' என்று மஞ்சள் காட்டியது! ஆபீசே சிரித்தது. அவரிடம் சொல், கோபித்துக்கொள்ள மாட்டார்.

பச்சையையும் மஞ்சளையும் நன்றாகவே பிரிக்கிறது. மற்றதை எல்லாப் படமும் வந்த பிறகு மொத்தமாகப் பார்த்துக்கொள்கிறேன். இன்னும் நிறைய வேண்டும். மேல்சரிவு முழுவதையும் எடுத்துவிடு.

வருடக் கடைசியில் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை. கிடைத்தால் எழுதுகிறேன்.

நீ நன்றாக இருப்பதாக எழுதியிருப்பது தெம்பாக இருக்கிறது.

தம்பி


டிசம்பர் 29

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம், கவலைப்படாதே.

மீசைக்காரரிடம் சொன்னேன். "பிழைக்கலாம்னு சொல்லிச்சா? அப்ப என் பொண்டாட்டிகிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவ நம்பிக்கையே விட்டுட்டா" என்றார். இரண்டு நாளாக எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சின்ன அறையை ஒழித்து வைத்தேன். சும்மாதான், தூசி அடைந்திருந்தது. கட்டிலில் ஒரு கால் ஆடிற்று, அடியில் கட்டை வைத்திருக்கிறேன். லீவு நாளில் ஜீப் வந்த சத்தம் கேட்டது, எட்டிப் பார்த்தேன். கீழே ஆபீசுக்கு வந்தவர்கள்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் காலியாகிவிட்டது. அந்த டிரைவர் குடும்பம் மாற்றலாகிப் போய்விட்டார்கள். போகும்போது கோழி ஒன்றைக் கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது பேச அது ஒன்றுதான் இருக்கிறது. அதுவும் நான் சொல்வதைக் காதில் வாங்குவதில்லை.

சோறு வடிக்கும்போது கை பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிடுகிறது. மிச்சத்தைக் கோழிக்குப் போடுகிறேன். அது நன்றாகக் கொழுத்திருக்கிறது.

சரிவு முடிந்துவிட்டது. மெமரி கார்டு இதோடு வருகிறது. உனக்கு ஸ்வெட்டர் இருக்கிறதா? எனக்கு எதுவும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 9

அக்கா,

நேற்று சோதனை. தோற்றுவிட்டோம்.

மேல்சரிவுக்கு மேலே டிரோனை விட்டு ப்ரோக்ராமை ஓட்டினார்கள். முழுச் சரிவும் மஞ்சள். ஊசியிலை எல்லாம் உதிர்ந்து குச்சியாக நிற்கிற மரத்துக்கும் மஞ்சள். உங்கள் ரேஞ்சர் போனில் எங்கள் மேனேஜரிடம், "ரொம்ப நல்ல மனசுள்ள ப்ரோக்ராம் சார். யாரையும் சாகவே விடமாட்டேங்குது" என்றாராம். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் வைத்து என்னிடம் திருப்பிச் சொன்னார்.

கணக்கில்தான் தப்பு என்று ராத்திரி முழுக்க ப்ரோக்ராமைத் தோண்டிக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் உன் படங்களைத் திறந்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். அக்காதானே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். இத்தனை மாதத்தில் நீ ஒரு தடவைகூடக் கறுப்பை அமுக்கவில்லை. ஒரு தடவைகூட. அது என்ன செய்யும்? நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்கிறது.

ஏன் அக்கா? தெரியவில்லை என்றால் கேட்டிருக்கலாமே. மார்ச் கடைசி வரை தவணை கொடுத்திருக்கிறார்கள். செத்த மரங்களுக்கு மறுபடி போய்க் கறுப்பை அமுக்கி அனுப்பு. மரம்தானே? பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே?

தம்பி


பிப்ரவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இன்று உறை வந்தது. உள்ளே மெமரி கார்டு மட்டும் இருந்தது, கடிதம் இல்லை. கார்டில் படமும் இல்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன். பதில் போடு.

தம்பி


மார்ச் 2

தம்பிக்கு,

உன் இரண்டு கடிதமும் கிடைத்தது. எனக்குக் கோபம் இல்லை. எழுத உட்காருவேன், எழுதத் தெரியாமல் எழுந்துவிடுவேன்.

தெரியாததால்தான் அமுக்கவில்லை என்று நினைக்காதே. எந்த மரம் செத்தது என்று எனக்கும் தெரியும். மீசைக்காரரும் சொல்வார். நானே ஒவ்வொரு தடவையும் விரலைக் கறுப்பு வரைக்கும் கொண்டுபோவேன். அதில் 'பிழைக்காது' என்று எழுதியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் இதே வார்த்தையைத்தான் சொன்னார். "பிழைக்க மாட்டார்ம்மா. மிஷின்தான் மூச்சு விடுது. எடுத்துடலாமா, வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். எனக்கு என்ன தெரியும்? நர்சு பெண்ணின் போனை வாங்கி வராந்தாவில் நின்று உனக்குப் பேசினேன். பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய். இரைச்சலில் ஒன்றும் சரியாகக் காதில் விழவில்லை. ஒன்று மட்டும் நன்றாக விழுந்தது. "சொல்லிடு அக்கா" என்றாய். உள்ளே போய்ச் சொன்னேன். சொல்லும்போது அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சூடாகத்தான் இருந்தது.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீ வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? ஆனால் அதற்குப் பிறகு எனக்குப் போனைக் காதில் வைக்கவே பிடிக்கவில்லை. செக்போஸ்டில் சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது மறுபடியும் நீதான் கேட்கிறாய், சொல்லிடு என்று.

மரம்தானே என்கிறாய். மரம்தான்.

உன் வேலை போய்விட்டால் அதற்கு நான்தான் காரணம், அது எனக்குத் தெரிகிறது. அதை நினைத்து ஒரு நாள் டேப்பை எடுத்துக்கொண்டு சரிவு வரை போனேன். முதல் மரத்தின் கீழேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அதனால்தான் கார்டில் ஒன்றும் இல்லை. வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்.

நான் நலம்.

அக்கா


மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இங்கே யாரிடமும் காட்டவில்லை. வேறு ஆளும் ஏற்பாடு செய்யவில்லை.

நீ அமுக்க வேண்டாம், இங்கே இருந்தே படங்களைப் பார்த்து நானே கறுப்புக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்து உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை, ஆபீசில் வேறு யாரும் இல்லை. இதுவரை உன் படங்களைக் கம்ப்யூட்டர்தான் பார்த்திருக்கிறது. ஒவ்வொன்றாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

முதல் கார்டைத் தவிர எல்லாப் படத்திலும் உன் கை. மணிக்கட்டில் மாமாவின் கடிகாரம். செப்டம்பர் கடைசியில் எடுத்த படத்தில் அது மணிக்கட்டிலேயே நிற்கிறது. நவம்பரில் கொஞ்சம் கீழே சரிந்திருக்கிறது. டிசம்பரில் கையைத் தூக்கி மரத்தில் வைத்தால் கடிகாரம் முழங்கைப் பக்கமே போய்விட்டது. விரல் எலும்பு ஒவ்வொன்றும் தனியாகத் தெரிகிறது. ஒவ்வொரு கார்டோடும் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் நலம் என்று எழுதியிருந்தாய். நானும் படித்துவிட்டு நிம்மதி என்று எழுதினேன்.

வெளியே பச்சையாக நிற்கிற மரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம், அக்கா.

கோழிக்குச் சோறு போட்டது போதும்.

எனக்கு ஒரு மரத்தையும் மாற்ற முடியவில்லை. நீ கை வைத்திருக்கிற படத்தில் எப்படிக் கறுப்பை அமுக்குவது? ஏப்ரல் மூன்றாம் வாரம்தான் லீவு தருகிறார்கள், வந்துவிடுகிறேன். சேர்ந்தே சரிவுக்குப் போகலாம். இந்தத் தடவை போனில் சொல்ல மாட்டேன், பக்கத்தில் நின்று நானே அமுக்குகிறேன். தவணை அதற்குள் முடிந்துவிடும். முடியட்டும்.

மீசைக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு வேளையாவது அவர்களோடு சாப்பிடு. அந்த அம்மாள் நன்றாகச் சமைப்பார் என்று மாமா சொல்வார்.

தம்பி


மார்ச் 23

அன்புள்ள தம்பிக்கு,

கையைப் பார்த்தே கண்டுபிடிப்பாய் என்று நினைக்கவில்லை. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படம் எடுத்திருப்பேன். சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான். வேறு நோய் எதுவும் இல்லை.

நீ வரும் வரை காத்திருக்க முடியவில்லை. வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. மீசைக்காரர் வந்து வாசலில் நின்றார். "வண்டு பறக்கத் தயாராயிடுச்சும்மா. இன்னும் பத்து நாள் விட்டா கீழ்ச்சரிவுக்கும் போயிடும். ரேஞ்சர் மேல்சரிவை மொத்தமா வெட்டச் சொல்லப்போறார், நல்ல மரத்தையும் சேர்த்து. எது நல்லது, எது கெட்டதுன்னு சொல்ல ஆள் இல்லைங்கறார்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஒன்றையும் சாகவிடாமல் வைத்திருக்கிறேன் என்று நினைத்தால், எல்லாம் போகப்போகிறது.

போனோம். முதல் மரம் நுனியில் பச்சை இருந்ததே, அதேதான். இப்போது நுனியும் போய்விட்டது. அப்போதும் எனக்கு விரல் வரவில்லை. அவர் அரிவாளை எடுத்துப் பட்டையில் ஒரு கை அகலத்துக்கு உரித்தார். உள்ளே ஈரமே இல்லை. கோடுபோல் வண்டு ஓடின தடம், அதிலிருந்து இரண்டு பக்கமும் புழு ஓடின தடம். தூள் கொட்டிற்று.

"இது எப்ப முடிஞ்சுது?" என்று கேட்டேன்.

"போன மழைக்கு முன்னாடியே."

"நான் முதல்ல வந்து பார்த்தப்போ நுனி பச்சையா இருந்துச்சே?"

"அது உள்ள மிச்சமிருந்த தண்ணியில நின்ன பச்சைம்மா. மரம் அப்பவே முடிஞ்சிருந்துச்சு."

"அப்ப நான் அமுக்கியிருந்தாலும்..."

"நீங்க அமுக்கினாலும் அமுக்காட்டியும்."

உரித்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். வெயில் பட்டு அதுவும் சூடாகத்தான் இருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றேன். மீசைக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பாவம், அவரும் மாமாவோடு எத்தனை வருடம் நடந்தவர்.

பிறகு அமுக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. டேப் 'அடுத்த மரம்' என்று காட்டிற்று.

இரண்டு நாளில் எல்லா மரத்தையும் பார்த்துவிட்டேன். சரிவில் பாதிக்குமேல் பச்சைதான். நானே எதிர்பார்க்கவில்லை. சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சளே போட்டேன், அதற்கு யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது. செக்போஸ்ட் பையன் கையில் கொடுத்து ஜீப்பில் இன்றே அனுப்புகிறேன். தவணைக்குள் வந்து சேருமா?

மீசைக்காரர் வீட்டில் சாப்பிட்டேன். அந்த அம்மாள் உப்பை அள்ளிக் கொட்டுகிறாள். மாமா ஏன் புகழ்ந்தார் என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

அக்கா


ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை ரேஞ்சரிடமும் படித்துக் காட்டினேன். இந்த வெயில் காலம் முழுவதும் ப்ரோக்ராமை ஓட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்றதும், "கடைசியில உங்க பிள்ளை படிச்சுப் பாஸாயிடுச்சு" என்றார். மூன்று பேரையும் கலைக்கவில்லை என்று நீ எழுதியிருந்த வரியைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

வெட்டி முடித்துவிட்டார்கள். ஒரு வாரம் ரம்பச் சத்தம். கறுப்பு போட்டதை மட்டும்தான் வெட்டினார்கள், ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் கூடவே நின்று பார்த்துக்கொண்டேன். மேஸ்திரி, "என்னம்மா, உங்க சொந்த மரமா?" என்றான். "ஆமா" என்றேன்.

நம் வீட்டுக்குப் பின்னால் நின்ற வரிசை முழுக்கப் போய்விட்டது. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சமையலறையில் பகலிலும் விளக்கு போட்டுத்தான் பழக்கம். இப்போது மதியம் தாண்டினால் வெயில் ஜன்னல் வழியாக அடுப்பு வரை வருகிறது. சுவரெல்லாம் எவ்வளவு கரி பிடித்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது. மாமா பலகை போட்டுச் சுவரில் சாய்ந்து உட்காரும் இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கிறேன். கண் கூசுகிறது, தட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. எழுந்து வேறு இடத்துக்குப் போகவும் மனம் வரவில்லை.

நீ வியாழக்கிழமை பஸ்ஸில்தானே வருகிறாய்? வரும்போது ஜன்னலுக்குத் துணி வாங்கி வா. ஜன்னல் என் கைக்கு மூன்று முழம் அகலம். அளக்கும்போது கடிகாரம் இன்னும் முழங்கைப் பக்கம்தான் ஓடுகிறது. நீ பார்த்து ஒரு முழம் கூட்டியே வாங்கு.

அக்கா